ஹாலிலும் தோட்டத்திலும் ஓட்ட, கழற்றி மாட்டும் ரயில் லேஅவுட்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீங்கள் சொன்ன நிலைமை இது: மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வாடகை ஃப்ளாட், செங்கல்பட்டு பக்கம் அப்பா வீட்டில் தோட்டம், கையில் ஒரு ஹெச்ஓ (உண்மை ரயிலில் 87ல் ஒரு பங்கு அளவுள்ள மாடல்) ஸ்டார்ட்டர் செட். ஹாலில் ஓட வேண்டும், மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் ஓட வேண்டும், முடிந்ததும் கழற்றி லாஃப்டில் ஏற்றிவிட வேண்டும். இதையெல்லாம் ஒரே லேஅவுட்டில் செய்ய முடியுமா, பலகையை எப்படி இணைப்பது, எவ்வளவு பெரிதாகச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹெச்ஓவைத் தோட்டத்தில் ஓட்டுவதை மறந்துவிடுங்கள். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஒரு வேப்பம்பூ விழுந்தாலே பெட்டி இறங்கிவிடும். கொஞ்சம் காற்றடித்தால் காலி கோச் சாயும், மே மாத வெயிலில் பிளாஸ்டிக் பாடி வளையும். வெளியே ஓட்டுவதற்கு 45 மி.மீ. தண்டவாளம்தான் சரி, ஜி ஸ்கேல் என்பார்களே அது. அதை உள்ளேயும் ஓட்டலாம், ஆனால் உங்கள் ஹாலில் அது ஒரு வட்டத்துக்கு மேல் போகாது. ஜி ஸ்கேல் ரயில் செய்யும் எல்ஜிபி கம்பெனியின் மிகச் சின்ன வளைவான ஆர்1க்கே ஆரம் 600 மி.மீ., அதாவது வட்டம் போட நாலு அடிக்கு நாலு அடிக்குக் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும். ஆகவே உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தொகுப்பாக யோசியுங்கள். பலகை செய்யும் முறை, இணைக்கும் முறை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் உழைப்பு இரட்டிப்பாகாது.

அளவு, ஸ்கேல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: லாஃப்டிலிருந்து இறக்கி முதல் வண்டி ஓடுவதற்கு எத்தனை நிமிஷம். கழற்றி மாட்டும் லேஅவுட் செய்த பலர் வீட்டில் அது லாஃப்டிலேயே கிடப்பதற்குக் காரணம் ஸ்கேலோ செலவோ கிடையாது. மாட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபி குடித்துவிட்டு அரை மணிக்குள் வண்டி ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லும் ஒவ்வொரு முடிவும் தானாக வந்து விழும். இருபது ஸ்க்ரூ முடுக்க வேண்டிய இணைப்பை நீங்கள் செய்யவே மாட்டீர்கள், ஒவ்வொரு மூட்டிலும் நாலு வயரை டெஸ்டர் வைத்துத் தேட வேண்டிய வயரிங்கும் போட மாட்டீர்கள்.

சரி, டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளங்கள். ரயிலை அப்புறம் பார்க்கலாம். நம் ஊர் ஃப்ளாட்களில் லாஃப்ட் ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம்தான் இருக்கும், அதன் வாய் இன்னும் சின்னது. கட்டிலுக்கு அடியில் எவ்வளவு உயரம் இருக்கிறது, லிஃப்டுக்குள் சாய்த்து வைத்தால் எவ்வளவு நீளம் போகும், காரின் பின் சீட்டை மடக்கினால் எவ்வளவு, இதெல்லாம் சேர்ந்துதான் உங்கள் மாட்யூலின், அதாவது கழற்றி மாட்டும் ஒவ்வொரு பலகையின், அளவைச் சொல்லும். பெரும்பாலான வீடுகளுக்கு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் சரியாக வருகிறது. எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட்டில் வேஸ்ட் குறைவாக வெட்டலாம், ஒரே ஆள் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறலாம். எடையையும் கணக்கு போட்டுவிடலாம்: மேலே 6 மி.மீ. ப்ளை, பக்கங்களுக்கு 9 மி.மீ., இரண்டு முனைக்கும் 12 மி.மீ., பக்க உயரம் 10 செ.மீ. என்று வைத்தால் வெறும் பலகை நாலு கிலோ சொச்சம் வரும். தண்டவாளம், வயர், காட்சியமைப்பு சேர்த்து ஆறு, ஏழு கிலோவுக்குள் நிறுத்துங்கள். ஆசாரியிடம் விட்டுவிட்டால் அவர் பழக்க தோஷத்தில் 18 மி.மீ. ப்ளையில் கட்டில் மாதிரி செய்து கொடுத்துவிடுவார். உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு பேர் இல்லாமல் தூக்க முடியாது. மேலே வைத்த சாமானை இறக்க ஆள் தேட வேண்டியிருந்தால் லேஅவுட் மேலேயே இருந்துவிடும்.

ப்ளைவுட்டில் பிடபிள்யூஆர் (கொதிநீரையும் தாங்கும்) கிரேடுக்குக் கீழே வாங்காதீர்கள். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு மலிவு ப்ளை ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும். இன்னொன்று, மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தைப் பச்சையாக விடுவதுதான் பலகை வளைவதற்கு முக்கியமான காரணம். ஒரு பக்கம் ஈரத்தை இழுக்கும், மறுபக்கம் இழுக்காது, அப்புறம் வளையாமல் என்ன செய்யும்? அடி, மேல், வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் பிரைமர் ஒரே மாதிரி அடியுங்கள். வெட்டிய ஓரத்துக்கு இரண்டு கோட். கரையான் பயமும் அதோடு ஓரளவு குறையும்.

இப்போது இணைப்புக்கு வருவோம். முழு லேஅவுட்டில் நீங்கள் காசும் நேரமும் கொட்ட வேண்டிய இடம் இந்த இரண்டு முனைப் பலகைகள்தான். நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், தப்பாகப் போனால் பிய்த்துவிட்டு மறுபடி செய்துகொள்ளலாம். முனை தப்பினால் அந்த மாட்யூல் ஆயுசுக்கும் தொல்லை. ஹெச்ஓ சக்கரத்தின் விளிம்பு ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை போட்டு இரண்டு பலகையை முடுக்கினால் உள்ளே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தண்டவாளம் வேறு வேறு இடத்தில் நிற்கும். அதனால் போல்ட்டை நம்பி நேர் பார்க்கக் கூடாது. போல்ட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். நேராக நிறுத்தும் வேலைக்குத் தனியாக ஒரு பின், அது போய் உட்கார ஒரு புஷ்.

இங்கிலாந்தில் இதற்கென்றே பித்தளையில் ஆண், பெண் ஜோடியாக விற்கிறார்கள், பேட்டர்ன் மேக்கர் டவல் என்று பெயர். வரவழைக்கலாம். ஆனால் கிண்டியிலும் அம்பத்தூரிலும் லேத் பட்டறைகள் இருக்கும்போது எதற்கு? 10 மி.மீ. பித்தளை ராடில் ஒரு பின், முனை லேசாகக் கூம்பாக இருக்க வேண்டும், அதற்குப் பொருந்தும் ஒரு காலர் வைத்த புஷ், இதை ஒரு தாளில் வரைந்துகொண்டு போனால் போதும். கை அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும், போனபின் ஆடக் கூடாது என்று சொல்லுங்கள், அவர்களுக்குப் புரிந்துவிடும். காலரில் இரண்டு சின்னத் துளை போடச் சொன்னால் ஸ்க்ரூவால் முனைப் பலகையில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு ஜோடி. அவற்றுக்கு இடையில் ஒன்றோ இரண்டோ 8 மி.மீ. போல்ட், பட்டர்ஃபிளை நட்டோடு. ஸ்பேனர் தேவைப்படுகிற நட்டே வேண்டாம், ஸ்பேனர் என்றைக்குத் தேடுகிறோமோ அன்றைக்குத்தான் காணாமல் போகும்.

துளைகள் எல்லா முனைப் பலகையிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஆறு பலகையை அடுக்கி ஜி கிளாம்ப் போட்டு ஒரேயடியாகத் துளைப்பது கேட்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் 72 மி.மீ. தடிமனில் கை டிரில் கோணலாகப் போய்விடும், மேல் பலகையும் கீழ் பலகையும் ஒத்துப்போகாது. 5 மி.மீ. இரும்புத் தகட்டில் லேசர் கட்டிங் கடையில் ஒரு டெம்ப்ளேட் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்: பின்னுக்கு இரண்டு துளை, போல்ட்டுக்கு ஒன்று, தண்டவாளத்தின் நடுக்கோட்டைக் காட்ட மேல் ஓரத்தில் ஒரு வெட்டு. அதை ஒவ்வொரு பலகையிலும் வைத்துத் துளையுங்கள். இன்றைக்கும், இனி எப்போது புது மாட்யூல் செய்தாலும், அதே தகடு. சிஎன்சி ரூட்டர் கடையில் முனைப் பலகைகளையே மொத்தமாக வெட்டச் சொல்வதும் நல்ல வழிதான், அப்போதும் கூடுதலாக ரெண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம் பலகை ஓரத்தில் முடிகிற இடத்தில் வெறும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் நிற்காது. தூக்கும்போது ஒரு முறை சட்டையில் மாட்டினால் போதும், பெயர்ந்து வந்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செம்புப் பூச்சு போட்ட வெறும் பிசிபி போர்டு கிடைக்கும். அதை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தில் ஒட்டி, ஸ்க்ரூவும் போட்டு, தண்டவாளத்தின் அடியை அதன் மேலேயே சால்டர் செய்துவிடுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே செம்பை ஹாக்ஸா பிளேடால் கீறிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட். இதில் வரிசையும் முக்கியம்: முதலில் இரண்டு மாட்யூலையும் பின் போட்டு முடுக்கிவிடுங்கள், தண்டவாளத்தை மூட்டுக்கு மேலே முறியாமல் ஒரே துண்டாக இடுங்கள், இரண்டு பக்கமும் சால்டர் வையுங்கள், அப்புறம்தான் மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் மூட்டின் நேர் மேலே வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் இரண்டு முனையும் தாமாகவே ஒன்றுக்கொன்று நேராக நிற்கும். ஓரத்திலிருந்து 10 செ.மீ. தூரமாவது தண்டவாளம் நேராக, ஓரத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும். வளைவை மூட்டின் மேல் கொண்டு வராதீர்கள், பாதை பிரியும் பாயின்ட்டையும் மூட்டின் குறுக்கே வைக்காதீர்கள். தண்டவாளம் கோட் 100 வாங்குங்கள், கோட் என்பது தண்டவாளத்தின் உயரத்தைக் குறிக்கும் எண். கோட் 75 பார்க்க அழகுதான், ஆனால் தூக்கி இறக்கும் லேஅவுட்டுக்குத் தடித்த தண்டவாளம் நல்லது.

எந்த மாட்யூலை எதனோடும் எப்படியும் சேர்க்கலாம் என்பது போன்ற முழு தாராளம் உங்களுக்குத் தேவையா என்றும் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1970களில் வந்த என்ட்ராக், ஐரோப்பாவில் 1981ல் தொடங்கிய ஃப்ரெமோ போன்ற மாட்யூல் முறைகள் எல்லாம் பல ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு மாட்யூல் கொண்டு வந்து ஒரு ஹாலில் சேர்ப்பதற்காக வந்தவை. ஃப்ரெமோவில் தண்டவாளம் தரையிலிருந்து 1300 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட விதி. நின்றுகொண்டே பார்க்க அது அருமை, ஆனால் உங்கள் பையனுக்கு நாற்காலி போட வேண்டியிருக்கும். வீட்டுக்குள் நீங்கள் ஒருவரே வைத்து விளையாடும் லேஅவுட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை மாறாத மாட்யூல்களே போதும். மேலே சொன்ன வெட்டும் முறை அதற்குத்தான் பொருந்தும். நாளைக்கு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கு ரெண்டு செய்யலாம் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் முதல் நாளிலிருந்தே ஒரு விதிப்படி போங்கள், நடுவில் மாற முடியாது.

அப்படி எண்ணம் இருந்தால், அல்லது ஹால் ரொம்பச் சின்னது என்றால், ஹெச்ஓவைவிட, அதைவிடச் சின்னதான 'என்' (N) ஸ்கேலில் டி-ட்ராக் என்ற மாட்யூல் முறையைப் பாருங்கள் என்று சொல்வேன். 9 மி.மீ. தண்டவாளம், கேட்டோ கம்பெனியின் யூனிட்ராக். இதில் சூட்சுமம் வேறு. இங்கே மாட்யூல் ஒரு சின்னப் பெட்டி, அதன் நீளம் 308 மி.மீ., அதன் மேல் வரும் தண்டவாளம் 248ம் 62ம் சேர்த்து 310 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் தண்டவாளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேசையில் வைத்துத் தள்ளினால் தண்டவாளத்தின் இணைப்பானே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பலகையும் பலகையும் தொடவே தொடாது. அதனால் பின்னும் வேண்டாம், போல்ட்டும் வேண்டாம். மேசை மேடு பள்ளத்துக்கு மூலைக்கு ஒரு திருகு. நாலு மூலைப் பெட்டியை மட்டும் சேர்த்தாலே ஒரு சுற்று வந்துவிடும், அதற்கு இரண்டரை அடி அகல மேசை போதும். ஷாமியானா கடையில் வாடகைக்குத் தரும் மடக்கு மேசையே தாராளம். மாட்டுகிற நேரத்தை வைத்துப் பார்த்தால் இதை எதுவும் ஜெயிக்க முடியாது, ஐந்து நிமிஷத்தில் வண்டி ஓடும். ஒரு குறை உண்டு, இரண்டு ட்ராக்கும் பெட்டியின் முன் ஓரத்தை ஒட்டியே போகும், அதனால் எல்லா மாட்யூலும் ஒரே சாயலில் இருப்பதுபோலத் தெரியும். எனக்கு அது பிடிக்காது. ஆனால் நவராத்திரிக்குக் கொலுப்படி பக்கத்தில் பார்க் போடுகிறோமே, அதற்குள் ஒரு சுற்று விட இதைவிட நல்லது கிடையாது. ஒன்பது நாள் ஓட்டிவிட்டு பொம்மைகளோடு சேர்த்தே பெட்டியில் போட்டுவிடலாம்.

ஹெச்ஓவிலேயே இருப்பதாக இருந்தால் நம் ஊர்ப் பெட்டிகளின் நீளத்தை மறக்காதீர்கள். பெரம்பூர் ஐசிஎஃப் கோச் கிட்டத்தட்ட 21.3 மீட்டர், 87ஆல் வகுத்தால் 245 மி.மீ. எல்ஹெச்பி இன்னும் நீளம், 270 மி.மீ. வரும். ஸ்டார்ட்டர் செட்டோடு வரும் குறுகிய வளைவில் இவை ஓடும், ஆனால் நடுவயிறு உள்ளே இழுத்துக்கொண்டு முனை வெளியே தள்ளிக்கொண்டு பார்க்கச் சகிக்காது. 600 மி.மீ. ஆரம் கிடைத்தால் நல்லது. 45 செ.மீ. அகலப் பலகையில் அந்த வளைவு அடங்காது என்பதால் மூலை மாட்யூலைத் தனி வடிவில் செய்ய வேண்டும். இல்லை, சுற்றே வேண்டாம் என்று சுவரோரமாக நேர் லேஅவுட் போட்டு, ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் மறைவான யார்டு என்று வைத்துக்கொள்ளலாம். 120 செ.மீ. மாட்யூல் நாலு சேர்த்தால் பதினாறு அடி வரும், ஹாலையும் டைனிங்கையும் சேர்த்துப் பார்த்தால் இடம் இருக்கும். பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் பிடித்தவருக்கு அதுவே சொர்க்கம். சும்மா சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பவருக்கு இது சலித்துவிடும். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாட்யூலின் அடியிலும் முனையிலிருந்து முனைக்கு இரண்டு தடித்த வயர், 1.5 சதுர மி.மீ. ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் அதற்கு ஒரு மெல்லிய வயர் இறங்கட்டும், தண்டவாள இணைப்பானை நம்பிக் கரன்ட் அனுப்பக் கூடாது. ஏன் தடித்த வயர் என்றால், 10 மீட்டர் லேஅவுட்டில் போக வர 20 மீட்டர், 1.5ல் மின்தடை கால் ஓம் அளவுதான், 3 ஆம்பியர் போனால் முக்கால் வோல்ட்டுக்கும் குறைவாக இழப்பு. அதையே 0.5ல் போட்டால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும், கடைசி மாட்யூலில் வண்டி திணறும். மாட்யூலுக்கு மாட்யூல் இணைக்க எக்ஸ்டி60 கனெக்டர். டிரோன் பேட்டரிகளில் வருமே, அது. தலைகீழாகச் செருக முடியாது என்பதுதான் அதன் சிறப்பு. சப்ளை வந்து நுழையும் பக்கம் ஆண், அடுத்த மாட்யூலுக்கு வெளியேறும் பக்கம் பெண், எல்லா மாட்யூலிலும் இதே ஒழுங்கு, அப்போதுதான் கரன்ட் இருக்கும் பின் எதுவும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. டிசிசி (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் கட்டுப்பாடு) போடுகிறீர்கள் என்றால் மாட்டி முடித்ததும் ஒவ்வொரு மாட்யூலிலும் ஒரு காசைத் தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள், தண்டவாளத்துக்குக் கரன்ட் தரும் பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும். எந்த மாட்யூலில் ஆகவில்லையோ அங்கே இணைப்பு சரியில்லை. ஆகாமல் விட்டால் உண்மையான ஷார்ட் வரும்போது தண்டவாளமும் சக்கரமும்தான் சூடேறும்.

இனி வெளியே. 45 மி.மீ. தண்டவாளத்தில் 1:22.5 என்ற அளவில் ஓட்டினால் அது எந்தப் பாதைக்குச் சமம் என்று பாருங்கள்: 45ஐ 22.5ஆல் பெருக்கினால் 1012 மி.மீ., அதாவது மீட்டர் கேஜ். ஹெச்ஓவில் நம் பிராட் கேஜ் வண்டியை ஓட்டும்போது 19 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டிய தண்டவாளத்தை 16.5ல் ஒப்பேற்றுகிறோம். தோட்டத்தில் அந்த ஒப்பேற்றல் கிடையாது. எழும்பூரிலிருந்து தெற்கே போன மீட்டர் கேஜ் வண்டிகள், 1931ல் பீச் முதல் தாம்பரம் வரை தொடங்கி 2004 வரை ஓடிய அந்த மின்சார ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும் நீலகிரி ரயில் எல்லாம் இந்த அளவில் சரியாகப் பொருந்தும். நீலகிரிப் பாதையின் ஏற்றம் 12க்கு 1, பல்சக்கரம் இல்லாமல் ஏறாது. எல்ஜிபி பல்சக்கரத் தண்டவாளமும் போடுகிறது என்பதால் மனசிருந்தால் அதையும் செய்யலாம். ரெடிமேடாக நம் வண்டி கிடைக்காது, ஐரோப்பிய எஞ்சினின் சேஸிஸ் மேல் நாமேதான் பாடி கட்ட வேண்டும். அதுவே ஒரு தனிப் பொழுதுபோக்கு.

தோட்டத்து மாட்யூலுக்கு ப்ளைவுட் வேண்டாம். மாடுலர் கிச்சன்காரர்கள் மல்டிவுட் என்று சொல்கிற பிவிசி ஃபோம் போர்டு, 18 மி.மீ., 10 அல்லது 12 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி வாங்குங்கள். தண்ணீர் ஒன்றும் செய்யாது, கரையான் தொடாது. வெயிலில் மட்டும் கொஞ்சம் தளரும், அதனால் ஒன்றேகால் அடிக்கு ஒரு தாங்கல் கொடுத்து, நிறம் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். எல்ஜிபி நேர்த் துண்டு 300 மி.மீ., ஒரு பட்டைக்கு நாலு துண்டு, அதே 120 செ.மீ. ஆர்1 வளைவில் 12 துண்டு ஒரு வட்டம், ஆகவே மூன்று துண்டு ஒரு கால்வட்ட மாட்யூல், முனையிலிருந்து முனைக்கு 85 செ.மீ., அதுவும் காரில் போகும். நாலு கால்வட்டமும் நாலு நேர்ப் பட்டையும் இருந்தால் நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் நல்ல ஓவல் கிடைத்துவிடும்.

வெளியே கரன்ட் தண்டவாளத்தில் போக வேண்டாம் என்பது என் கருத்து. பித்தளைத் தண்டவாளம் கடல் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும், ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் தேய்க்க வேண்டும், அந்த அரை மணி நேரக் கணக்கு அங்கேயே உதைக்கும். லித்தியம் பேட்டரியும் ரேடியோ ரிசீவரும் எஞ்சினுக்குள்ளோ அடுத்த வேகனிலோ போய்விட்டால் மூட்டுகளில் மின் இணைப்பைப் பற்றிய கவலையே இல்லை. நாலு 18650 செல் ஒரு எஞ்சினைத் தாராளமாக ஒரு மணி நேரம் இழுக்கும். 45 மி.மீ.யில் சக்கர விளிம்பும் பெரிது என்பதால் இங்கே பித்தளைப் பின்னும் தேவையில்லை, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் கவ்வும் ஸ்க்ரூ கிளாம்ப் போதும், ஆலன் கீயால் ஒரு திருப்பு. பேட்டரியை வெயிலில் வைத்துவிட்டு சாப்பிடப் போகாதீர்கள், அவ்வளவுதான் எச்சரிக்கை.

கிளாம்பை முடுக்கும்போது இடைவெளி விட வேண்டும். டிசம்பர் விடியற்காலைக்கும் கத்திரி வெயிலுக்கும் தண்டவாளத்தின் சூடு 40 டிகிரி மாறும் என்று வைத்துக்கொண்டால் பித்தளை 12 மீட்டருக்கு 9 மி.மீ. நீளும். நிரந்தரமாகப் பதித்த தோட்டத்துப் பாதை நெளிந்துபோவது இதனால்தான். மாட்யூலில் ஒவ்வொரு 120 செ.மீ.க்கும் ஒரு மில்லிமீட்டர்தான், மூட்டிலேயே அடங்கிவிடும். மத்தியானம் மாட்டினால் ஒட்டினாற்போல முடுக்கலாம், காலையில் மாட்டினால் ஒரு மில்லிமீட்டர் விடுங்கள்.

மொட்டை மாடியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தரை மட்டமாக இருப்பதுபோல் தெரியும், இருக்காது. மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தட்டோட்டைச் சரிவாகத்தான் பதித்திருப்பார்கள். நாலு மீட்டரில் நாலு செ.மீ. இறங்கியிருந்தால் ஏறும் பக்கம் எஞ்சின் முக்கும், இறங்கும் பக்கம் பாயும். ரச மட்டத்தை ஒவ்வொரு பலகையிலும் வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையை முதல் மாட்யூல் ஓரத்தில் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு தாங்கலாகக் கொண்டுபோனால் எங்கே எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தண்ணீரே காட்டிவிடும். டியூப்பில் காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது. தாங்கலுக்கு அடியில் நீளமான போல்ட்டைக் காலாக வைத்தால் திருகி ஏற்றலாம். தரையில் துளை மட்டும் போட்டுவிடாதீர்கள், கீழ் ஃப்ளாட்டில் ஒழுகினால் அசோசியேஷன் மீட்டிங் முழுக்க உங்கள் பெயர்தான்.

செங்கல்பட்டுத் தோட்டத்தில் மண்ணோடு மண்ணாக வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். வண்டி ஓடும் நாளில் மட்டும் வெளியே, மீதி நாள் திண்ணையிலோ ஷெட்டிலோ. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஓட்டுவது மனிதருக்கும் நல்லது, பிளாஸ்டிக்குக்கும் நல்லது. பிளாட்பாரத்தில் நிற்கும் மனிதப் பொம்மைகளை ஒட்டி வையுங்கள், காக்கா வந்து ஸ்டேஷன் மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

காட்சியமைப்புக்கு ஒரு யோசனை மட்டும். ஜல்லிக்கு எம்-சாண்டை மெல்லிய சல்லடையில் சலித்து எடுங்கள். உண்மையான பாதையில் போடும் கருங்கல் ஜல்லியும் இதுவும் பெரும்பாலும் ஒரே ஜாதிக் கல், நிறம் அப்படியே ஒத்துப்போகும். சலித்ததன் மேல் ஒரு காந்தத்தை நாலு முறை ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, டிராப்பரால் ஊற்றினால் நன்றாக இறங்கிப் பிடிக்கும். மலை, மேடு செய்யத் தெர்மாகோல் நல்லதுதான், ஆனால் ரப்பர் பசை படக் கூடாது, கரைத்துவிடும். மூட்டின் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குக் காட்சி மட்டமாகவே இருக்கட்டும், அந்த இடத்தில் மரமோ கம்பமோ நட்டால் தூக்கும்போது முதலில் உடைவது அதுதான்.

தூக்கி வைப்பதற்குத் தனிப் பெட்டி செய்ய வேண்டியதில்லை. இரண்டு மாட்யூலை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் உங்கள் உயரமான கட்டடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இடைவெளி விட்டு, இரண்டு முனையிலும் ஒரு பலகையை மூட்டுக்குப் போட்ட அதே துளைகளில் போல்ட் போட்டு முடுக்கினால் அதுவே பெட்டி. தண்டவாள முனைகளும் உள்ளே பத்திரமாக இருக்கும். மேலே பழைய பெட்ஷீட் போட்டால் தூசியும் போகாது. ஆனால் இப்படி இரண்டு சேர்ந்தால் 12 கிலோவுக்கு மேல் வரும், லாஃப்ட் உயரம் என்றால் தனித்தனியாகவே ஏற்றுங்கள்.

எதில் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஹெச்ஓ செட்டை விற்க வேண்டாம். அந்த டெம்ப்ளேட் தகட்டை முதலில் வெட்டி வாங்கி, இரண்டே இரண்டு மாட்யூல் செய்யுங்கள், காட்சி எதுவும் வேண்டாம், ஒரு நேர்ப் பாதையும், அதிலிருந்து பிரியும் ஒரு பக்கப் பாதையும் (சைடிங்). அதை நாலைந்து முறை கழற்றி மாட்டி, கோச்சைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு மூட்டைக் கடந்து பாருங்கள். பின்னோக்கித் தள்ளும்போது இறங்காமல் போனால் மூட்டு சரி. அதற்கப்புறம் மூன்றாவது மாட்யூல். தோட்டத்து செட்டை அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் யோசிக்கலாம், அதற்குள் டூட்டி, கூரியர் எல்லாம் சேர்த்து என்ன விலை வருகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம். லேத் பட்டறையில் பின், புஷ் சொல்லும்போது மட்டும் இரண்டு மாட்யூலுக்கு என்று சொல்லாமல் பத்துக்கு மொத்தமாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் போனால் வேறு ஆள் மெஷினில் நிற்பார், அளவு ஒரு நூல் மாறும்.